மாடல்களின் சண்டையை எங்களிடமும் சொல்லுங்கள்: பனிப்பொழிவுக் கணிப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

பனிப்பொழிவு அறிவிப்பு வெளியிடும் வானிலை அலுவலர்களுக்கு,

வணக்கம்.

பனி கொட்டும் இரவுகளில் சாலைக்கு எத்தனை வண்டி அனுப்புவது, எத்தனை பேரை வரச் சொல்வது, உப்பை எப்போது தூவுவது என்று முடிவு செய்கிற வேலை என்னுடையது. உங்கள் அறிவிப்பை வைத்துத்தான் என் பிழைப்பு ஓடுகிறது. அதனால் இதைப் புகாராக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒரு கோரிக்கை, அவ்வளவுதான். வானிலையைக் கணினியில் கணக்கிட்டுச் சொல்லும் மாடல்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகாத நாட்களில், அவை எதில் ஒத்துப்போகவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். நடுவில் ஓர் எண்ணைப் பிடித்து எங்கள் தலையில் கட்டாதீர்கள்.

என்ன நடக்கிறது என்று ஓர் உதாரணத்தோடு சொல்கிறேன். புயல் வர இன்னும் இரண்டு நாள் இருக்கிறது. ஐரோப்பிய மாடல் 30 செ.மீ. என்கிறது. அமெரிக்க மாடலான ஜி.எஃப்.எஸ். 6 செ.மீ. என்கிறது. கனடிய மாடல் ஐரோப்பியப் பக்கம் சாய்கிறது. ஜெர்மன்காரர்களின் ஐகான் மாடல் காலையில் ஒரு கட்சி, மாலையில் இன்னொரு கட்சி. இத்தனைக்கும் பிறகு உங்கள் அறிவிப்பு வருகிறது: 15 முதல் 20 செ.மீ.

இந்த 15 முதல் 20 எங்கிருந்து வந்தது? பெரும்பாலும் இரண்டையும் கூட்டி வகுத்ததில் வந்தது. ஆனால் உண்மையில் கேள்வி வேறு. புயலின் மையம் 60 கிலோமீட்டர் மேற்கே தள்ளிப் போனால் எங்கள் பகுதி கனத்த பனிக்குள் இருக்கும், கிழக்கே போனால் ஓரத்தில் ஒதுங்கிவிடும். ஒன்று 30, இல்லையென்றால் 6. இடையில் இருக்கும் 17 நடக்க வாய்ப்பு மிகக் குறைவு. அதாவது இருப்பதிலேயே நடக்கச் சாத்தியம் குறைந்த எண்ணைத்தான் நீங்கள் தலைப்பில் போட்டிருக்கிறீர்கள்.

6 செ.மீ. என்றால் உப்பும் சில வண்டிகளும் போதும். 30 என்றால் இரண்டு ஷிப்ட் ஆட்கள், வாடகைக்கு லோடர்கள், குவித்த பனியை ஏற்றிக்கொண்டுபோய்க் கொட்ட இடம், எல்லாம் முன்கூட்டியே வேண்டும். 17-க்கு ஏற்பாடு செய்தால், 6 வந்த இரவில் பாதிப் பேர் சும்மா உட்கார்ந்திருப்பார்கள். 30 வந்த இரவில் விடியும்போது சாலை மூடிக் கிடக்கும். எப்படிப் பார்த்தாலும் தப்பாகிற ஏற்பாடு அது.

மாடல்கள் ஏன் இப்படி முட்டிக்கொள்கின்றன என்று உங்களுக்கு நான் பாடம் எடுக்கப் போவதில்லை. ஆனால் பொதுவில் எழுதும் மடல் என்பதால் மற்றவர்களும் படிப்பார்கள். கொஞ்சம் விரித்தே சொல்கிறேன்.

மழையில் 10 மி.மீ. சொல்லி 13 மி.மீ. பெய்தால் யாருக்கும் தெரியப் போவதில்லை. பனியில் அப்படி இல்லை. ஒரு மி.மீ. நீருக்கு ஒரு செ.மீ. பனி, அதாவது பத்துக்கு ஒன்று என்பது பழைய கணக்கு. ஈரமான, கனத்த பனி ஐந்துக்கு ஒன்று என்றுகூட விழும். நல்ல குளிரில் பஞ்சு மாதிரி விழுவது இருபதுக்கு ஒன்று, அதற்கும் மேல் போகும். ஆக, எல்லா மாடல்களும் 12 மி.மீ. நீர் என்று ஒரே குரலில் சொன்னாலும், தரையில் கிடப்பது 6 செ.மீ. ஆகவும் இருக்கலாம், 24 ஆகவும் இருக்கலாம். ஒரு சொட்டு நீர் கூடவுமில்லை, குறையவுமில்லை.

இதைத் தீர்மானிப்பது மேகத்துக்குள் படிகம் எந்தக் குளிரில் வளர்கிறது என்பது. ஜப்பானின் ஹொக்கைடோவில் உக்கிச்சிரோ நகாயா 1936-இல் முதன்முதலாகச் செயற்கைப் பனிப்படிகத்தை வளர்த்தார். வெப்பநிலையும் ஈரப்பதமும் மாற மாறப் படிகத்தின் வடிவம் எப்படி மாறுகிறது என்று வரிசைப்படுத்திக் காட்டினார். ஊசி, தகடு, தூண், பிறகு நாம் படங்களில் பார்க்கிற ஆறு கிளை விரிந்த நட்சத்திரம். இந்த நட்சத்திரம் நன்றாக வளர்வது மைனஸ் 12-க்கும் மைனஸ் 18-க்கும் இடைப்பட்ட குளிரில். காற்று மேலெழும்பும் வேகம் சரியாக அந்த அடுக்கில் உச்சத்தில் இருந்தால், கிளைகளுக்கு நடுவே காற்றை அடைத்துக்கொண்டு பனி குவிந்துவிடும். உச்சம் சில நூறு மீட்டர் மேலேயோ கீழேயோ தள்ளிப்போனால் அடர்த்தியான, படிந்துவிடுகிற பனி. அந்தச் சில நூறு மீட்டரில்தான் மாடல்கள் வேறுபடுகின்றன. போதாக்குறைக்கு, பலத்த காற்று அடித்தால் விழும் வழியிலேயே கிளைகள் உடைந்துவிடும்.

என்னை அதிகம் படுத்துவது இதுவல்ல, நடு உயரத்தில் வரும் வெதுவெதுப்பான அடுக்கு. தரையில் மைனஸ் 2 டிகிரி. மேகத்தில் மைனஸ் 15. இடையில் ஒன்றரை, இரண்டு கிலோமீட்டர் உயரத்தில் தெற்கிலிருந்து ஒரு வெப்பக்காற்று நாக்கு நீட்டுகிறது. அதன் வெப்பம் பிளஸ் அரை டிகிரி என்கிறது ஒரு மாடல், மைனஸ் அரை டிகிரி என்கிறது இன்னொன்று. ஒரு டிகிரி வித்தியாசம். இரண்டு நாள் முன்னால் செய்த கணிப்புக்கு அது சாதாரணமான பிழை, யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் தரையில் என்ன ஆகிறது பாருங்கள். மைனஸ் என்றால் முழுக்கப் பனி. பிளஸ் என்றால் ஓரளவு உருகி, கீழே மறுபடி உறைந்து, ஐஸ் மணிகளாகக் கொட்டக்கூடும். அந்த அடுக்கு இன்னும் கொஞ்சம் தடித்து, தரையையொட்டிய குளிர் மெலிதாக இருந்தால் உறைமழை, பட்ட இடத்திலெல்லாம் கண்ணாடிபோல் உறையும்.

உங்கள் வரைபடத்தில் இந்த மூன்றும் மூன்று நிறங்கள். எனக்கு இவை மூன்று தனித்தனி வேலைகள். பனியை வண்டியின் முன்னால் மாட்டிய தகட்டால் தள்ளலாம். ஐஸ் மணிகள் ஈர மணல்போல் கனக்கும், நாலு செ.மீ. இருந்தாலே தகடு தடுமாறும். உறைமழைக்குத் தகடே பயன்படாது, உப்பு மட்டும்தான். அந்த உப்பும் சாலையின் வெப்பநிலை மைனஸ் 10-ஐ ஒட்டிப் போய்விட்டால் சோம்பேறியாகிவிடும்.

இன்னும் கிட்டத்தில் காட்டுகிறேன். பனி விழுவதற்குச் சில மணி நேரம் முன்பே சாலையில் உப்புக்கரைசல் தெளிப்பது எங்கள் வழக்கம். பனி தாரோடு ஒட்டிக்கொள்ளாமல் அது தடுக்கும், பின்னால் சுரண்டுகிற வேலை பாதியாகும். ஆனால் பனிக்கு முன்னால் ஒரு மணி நேரம் மழை பெய்தால், தெளித்ததெல்லாம் ஓடி வடிகாலுக்குப் போய்விடும். அப்புறம் அந்த ஈரச் சாலையே உறையும். ஆகவே மாலை நான்கு மணிக்குத் தொட்டியை நிரப்பிக்கொண்டு நிற்கும் ஓட்டுநருக்கு மொத்தம் எத்தனை செ.மீ. என்பது இரண்டாவது கேள்வி. முதல் கேள்வி, மழையில் தொடங்குமா, பனியில் தொடங்குமா? இதில்தான் மாடல்கள் பிரிந்து நிற்கின்றன என்று உங்களுக்கு நன்றாகத் தெரிந்திருக்கும். அறிவிப்பில் மட்டும் அதைப் பற்றி ஒரு வரிகூட இருக்காது.

பட்டைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். பெரிய புயலுக்குள்ளேயே இருபது முப்பது கிலோமீட்டர் அகலத்தில் ஒரு பட்டை உருவாகி, மணிக்கு 5 செ.மீ. வீதம் கொட்டும். பட்டைக்கு வெளியே சும்மா தூறிக்கொண்டிருக்கும். பட்டை வரும் என்று மாடல் சொல்லலாம். எந்த ஊருக்கு மேல் நிற்கும் என்று இரண்டு நாள் முன்னால் எந்த மாடலாலும் சொல்ல முடியாது. பெரிய ஏரியின் ஈரத்தை வாங்கிக் கொட்டும் ஏரிப்பனி இன்னும் மோசம். 2014 நவம்பரில் ஈரி ஏரியிலிருந்து எழுந்த பட்டை அமெரிக்க நகரமான பஃபலோவின் தெற்குப் பகுதிகளில் ஒன்றரை மீட்டருக்கு மேல் கொட்டிவிட்டுப் போனது. அதே நகரத்தின் வடக்கில் சில செ.மீ.தான். அந்த நகரத்துக்கு ஒரே எண் கொடுத்திருந்தால் அந்த எண் யாருக்கு?

மாடல்கள் நிலத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்துத்தான் கணக்கிடுகின்றன. ஐரோப்பிய மாடலின் கட்டம் 9 கிலோமீட்டர், ஜி.எஃப்.எஸ். கட்டம் 13 கிலோமீட்டர். அந்தக் கட்டத்துக்குள் இருக்கும் குன்றும் பள்ளமும் மாடலின் கண்ணில் ஒரே உயரம். 300 மீட்டர் ஏறினால் ஏறத்தாழ 2 டிகிரி குறையும். பூஜ்யத்தை ஒட்டி நிற்கிற இரவில், மலைச்சாலையில் பனியும் அடிவாரத்தில் மழையும் பெய்ய இது போதும். இங்கே உள்ளூர் அனுபவம் உள்ள கணிப்பாளர்தான் தேவை. அந்த அனுபவம் உங்களிடம் இருக்கிறது என்பதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. என் ஆதங்கமெல்லாம் அது அறிவிப்புக்குள் வந்து சேருவதில்லை என்பதுதான்.

நியூயார்க்கில் நடந்த இரண்டு சம்பவங்களை உங்களில் யாரும் மறந்திருக்க மாட்டீர்கள்.

முதலாவது 2015 ஜனவரி 26, 27. ஐரோப்பிய மாடல் நகரத்துக்குப் பெரும்பனி காட்டியது, ஜி.எஃப்.எஸ். அவ்வளவு காட்டவில்லை. 2012-இல் சாண்டி புயலின் திருப்பத்தை முன்கூட்டியே பிடித்தது ஐரோப்பிய மாடல்தான், அந்தப் பெயர் அதற்கு இருந்தது. நகரத்துக்கு 60 செ.மீ. அளவில் வரலாம் என்று அறிவிப்பு போனது. சுரங்க ரயிலையே நிறுத்தினார்கள். பனிக்காக அதை நிறுத்தியது அதுவே முதல் தடவை. கடைசியில் சென்ட்ரல் பார்க்கில் விழுந்தது 25 செ.மீ. ஆனால் லாங் ஐலண்டின் கிழக்குப் பகுதியிலும் பாஸ்டனிலும் 60 செ.மீ. விழத்தான் செய்தது. அதாவது புயல் பொய்க்கவில்லை, அதன் மேற்கு ஓரம் சில பத்துக் கிலோமீட்டர் தள்ளி அமைந்துவிட்டது. பக்கத்து அலுவலகத்தின் கணிப்பாளர் ஒருவர் பொதுவெளியில் மன்னிப்புக் கேட்டார். அவர் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டியதில்லை என்பது என் கருத்து. ஓரம் நகரத்துக்கு மேலேயே விழக்கூடும் என்பது புயலுக்கு முன்பே உரக்கச் சொல்லப்பட்டிருந்தால் போதும்.

இரண்டாவது 2017 மார்ச் 14. இதுதான் எனக்கு உண்மையிலேயே உறுத்துகிறது. முந்தைய நாளே பெருநகரங்களுக்கான எண் குறைய வாய்ப்பிருக்கிறது, ஐஸ் மணிகள் கலக்கக்கூடும் என்று மாடல்கள் காட்டத் தொடங்கிவிட்டன. கணிப்பாளர்களும் அதைக் கவனித்தார்கள். ஆனால் கடைசி நேரத்தில் எண்ணைக் குறைத்தால் மக்கள் புயலை அலட்சியப்படுத்திவிடுவார்கள் என்று பயந்து, முன்பு சொன்னதையே விட்டுவைத்தார்கள். சென்ட்ரல் பார்க்கில் 20 செ.மீ.கூட வரவில்லை. உள்பகுதி ஊர்கள் சிலவற்றில் 60 செ.மீ.க்கு மேல் புதைந்தன. பயத்தில் நல்லெண்ணம் இருந்தது, நான் மறுக்கவில்லை. ஆனால் எங்களுக்காக நீங்கள் எடுத்த அந்த முடிவு எங்களுடையதாக இருந்திருக்க வேண்டும்.

‘மக்களுக்கு நிகழ்தகவு புரியாது, குழம்பிவிடுவார்கள்’ என்று அடிக்கடி ஒரு பதில் வரும். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சூசன் ஜாஸ்லினும் ஜாரெட் லெக்ளர்க்கும் 2012-இல் வெளியிட்ட ஆய்வு இந்த இடத்தில் பொருத்தமானது. அவர்கள் மாணவர்களிடம் கொடுத்த வேலை என்ன தெரியுமா? என் வேலைதான். இன்றிரவு சாலை உறையுமா, உப்புக்கரைசல் தெளிக்கலாமா, வேண்டாமா என்று பட்ஜெட்டுக்குள் முடிவெடுக்க வேண்டும். வெறும் வெப்பநிலை எண்ணைப் பெற்றவர்களைவிட, உறையும் வாய்ப்பு இத்தனை சதவீதம் என்றும் சேர்த்துப் பெற்றவர்கள் நல்ல முடிவுகளை எடுத்தார்கள். அதைவிட முக்கியம், கணிப்பு பிசகியபோதும் அவர்களுக்கு அதன்மேல் இருந்த நம்பிக்கை அவ்வளவாகக் கெடவில்லை. குழம்புவார்கள் என்ற பேச்சு இத்தோடு போகட்டும்.

என் கணக்கு மிக எளிது. தெளிக்க ஆகும் செலவு ஒரு பங்கு, தெளிக்காமல் விட்டுச் சாலை உறைந்தால் ஆகும் நட்டம் ஐந்து பங்கு என்று வையுங்கள். உறைய 20 சதவீத வாய்ப்பு இருந்தாலே நான் தெளித்துவிட வேண்டும். வாடகை லோடருக்கு இந்தக் கணக்கு வேறு. 60 சதவீதமாவது இருந்தால்தான் கட்டுப்படியாகும். பள்ளியை மூடுகிறவருக்கு ஒரு வரம்பு, விமானத்தை ரத்து செய்கிறவருக்கு இன்னொரு வரம்பு. ஒற்றை எண்ணை நீங்கள் தரும்போது, எங்கள் எல்லோருக்கும் சேர்த்து நீங்களே ஒரு வரம்பைத் தேர்ந்தெடுத்துவிடுகிறீர்கள். அது எது என்றுகூட எங்களுக்குத் தெரிவதில்லை.

ஒன்றுமே செய்யவில்லை என்று நான் சொல்லவில்லை. அமெரிக்காவில் பனிப்பொழிவுக்குக் குறைந்தபட்சம், எதிர்பார்ப்பு, அதிகபட்சம் என்று மூன்று வரைபடங்கள் போடுகிறார்கள். தாண்டப் பத்தில் ஒன்பது வாய்ப்புள்ள அளவு குறைந்தபட்சம், தாண்டப் பத்தில் ஒரு வாய்ப்பே உள்ள அளவு அதிகபட்சம் என்று. நல்ல முயற்சி. கணிப்பாளர்கள் தங்களுக்குள் எழுதிக்கொள்வதுபோல் வெளியிடும் விளக்கக் குறிப்புகளும் அங்கே கிடைக்கின்றன. உண்மையான விஷயம் முழுவதும் அதில்தான் இருக்கிறது, நான் தினமும் அதைத்தான் தேடிப் படிக்கிறேன். ஆனால் ‘3 முதல் 30 வரை’ என்று ஒரு வீச்சைக் கொடுத்தால், படிப்பவர் மனதில் நடுவில் உள்ள 15-தான் உட்காரும். மேலே சொன்ன உதாரணத்தில் அந்த 15-க்குத்தான் வாய்ப்பே இல்லை. இரண்டு மேடும் நடுவில் ஒரு பள்ளமும் இருக்கிற வாய்ப்பை, ஒரே மேடாகக் காட்டிவிடுகிறது இந்த வீச்சு. இரண்டு மேடு இருக்கிறது என்றால், இரண்டு என்றே எழுதுங்கள்.

என்செம்பிளைப் பற்றியும் ஒரு வார்த்தை. தொடக்க நிலையைக் கொஞ்சம் கொஞ்சம் மாற்றி ஒரே மாடலைப் பல தடவை ஓட்டிப் பார்ப்பதுதான் அது. 1992-இன் இறுதியில் ஐரோப்பிய வானிலை மையமும் அமெரிக்கர்களும் இதை அன்றாடப் பயன்பாட்டுக்குக் கொண்டுவந்தார்கள். இன்று ஐரோப்பிய என்செம்பிளில் 51 ஓட்டங்கள், அமெரிக்கருடையதில் 31. ‘51-இல் 45 ஓட்டங்கள் பெரும்பனி காட்டுகின்றன, ஆகவே உறுதி’ என்று சிலர் எழுதுகிறார்கள். ஒரே வாத்தியாரிடம் படித்த ஐம்பது பிள்ளைகளும் ஒரே விடையை எழுதினால், அது சரியான விடை என்றுதான் அர்த்தமா? ஒரே மாடலின் ஓட்டங்கள் மேகத்தையும் பனி உருகுவதையும் ஒரே பாணியில்தான் கணக்கிடுகின்றன. தப்பு இருந்தால் எல்லாம் கூட்டமாகவே தப்பாகும். வேறு மாடல் குடும்பம் முரண்படுகிறது என்றால் அந்த முரண் ஒரு தகவல். அதை ஓரங்கட்டிவிட்டு ஒரு பக்கத்துப் பெரும்பான்மையை மட்டும் சொல்லாதீர்கள். அதேபோல, ஒரு மாடல் நாலு ஓட்டமாக ஒரே எண்ணைச் சொல்லிக்கொண்டிருக்கிறது என்பதால் மட்டும் அது சரியாகிவிடாது. பிடிவாதமாகத் தப்புச் சொல்கிற மாடல்களை நீங்கள் பார்க்காததா?

சமூக ஊடகங்களில் சுற்றும் வண்ணப் படங்களைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. பலவற்றில் ஐஸ் மணிகளையும் பனியாகவே எண்ணி, எல்லாவற்றையும் பத்தால் பெருக்கி, இருப்பதிலேயே பெரிய எண்ணை ஊதா நிறத்தில் காட்டுகிறார்கள். அதோடு போட்டி போட நீங்கள் இன்னும் உறுதியான எண்ணைத் தர வேண்டும் என்று யாராவது உங்கள் அலுவலகத்தில் சொன்னால், தயவுசெய்து கேட்காதீர்கள்.

சரி, என்ன வேண்டும்? சராசரியாக ஒரு புயலுக்கு நான்கு வரி. உதாரணத்துக்கு நானே எழுதிப் பார்க்கிறேன்:

“சனி இரவுப் பனியைப் பற்றி மாடல்கள் இரு பக்கமாக நிற்கின்றன. மையம் கரையையொட்டி வந்தால் 25 முதல் 35 செ.மீ.; விலகிப் போனால் 4 முதல் 8 செ.மீ. முதலாவதற்கு 60 சதவீதம், இரண்டாவதற்கு 40 சதவீதம் என்று கருதுகிறோம். எப்படியும் தொடக்கம் மழையாக இருக்காது. இந்தப் புயலாக வளரப்போகும் காற்றுச்சலனம் வெள்ளி காலை நிலத்துக்கு மேல் வரும். அதன் பின் ஏவப்படும் பலூன்களின் அளவீடு சேர்ந்ததும், வெள்ளி மாலை 3 மணிக்கு அடுத்த அறிவிப்பு.”

இவ்வளவுதான். இதில் கடைசி வரிதான் எனக்குத் தங்கம். கடலுக்கு மேல் இருக்கிற புயலைச் செயற்கைக்கோள் பார்க்கிறது, ஆனால் உலகெங்கும் நாளுக்கு இரண்டு வேளை ஏவப்படும் வானிலை பலூன்கள் அளக்கும் செங்குத்து விவரம் அங்கே குறைவு. புயல் நிலத்துக்கு மேல் வந்ததும் பல நேரங்களில் மாடல்களின் சண்டை தணிகிறது. ‘எப்போது தெளியும்’ என்பதைப் பெரும்பாலும் உங்களால் சொல்ல முடியும். அது தெரிந்தால் நான் ஆட்களிடம் ‘வெள்ளி மாலை வரை போனைக் கையில் வைத்திருங்கள்’ என்பேன், யாரும் குறை சொல்ல மாட்டார்கள். தெரியாவிட்டால் ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை எண் மாறுவதைப் பார்த்து நானும் அவர்களை ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை அலைக்கழிக்க வேண்டும்.

புயல் முடிந்த பின்பும் ஒன்று செய்யுங்கள். மூன்று நாள் முன்பு என்ன சொன்னீர்கள், முந்தைய நாள் என்ன சொன்னீர்கள், என்ன விழுந்தது என்று ஒரே பக்கத்தில் போடுங்கள். 60 சதவீதம் என்று நீங்கள் சொன்னவற்றில் எத்தனை உண்மையில் நடந்தன என்று குளிர்காலம் முடிந்ததும் கணக்குக் காட்டுங்கள். ஒரு தடவை பிசகியதற்காக யாரும் உங்கள்மேல் பாய மாட்டார்கள் என்று உறுதி தர என்னால் முடியாது. பாய்வார்கள். ஆனால் அந்தக் கணக்கு கையில் இருந்தால் நானே உங்கள் பக்கம் நின்று பேசுவேன்.

பதிலுக்கு எங்களால் ஆனதையும் செய்கிறோம். எங்கள் கிடங்குகளின் முற்றத்தில், காற்று குவிக்காத இடமாகப் பார்த்து, வெள்ளைப் பலகைகளை வைத்து, ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை அளந்து துடைத்துவிட்டு, அளவை நேரத்தோடு குறித்து அனுப்புகிறோம். மழையாக இருந்தது எப்போது ஐஸ் மணியாக மாறியது, எப்போது பனியானது என்பதையும் ஓட்டுநர்கள் சாலையிலிருந்தே சொல்வார்கள். எந்த முகவரிக்கு அனுப்ப வேண்டும், எந்தப் படிவத்தில் வேண்டும் என்று மட்டும் தெரிவியுங்கள்.

இப்படிக்கு,
இரவுப் பணிக்கு வண்டி அனுப்பும் ஒருவன்